ஏரம்பரும் ஐந்து கீறும்

குந்தியிருந்து, உள்ளங்கையைப் புல்லின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் ஏரம்பர். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல அப்படியே ஒரு நிமிடம். பிறகு அந்தக் கையைத் தம் கன்னத்தில் தேய்க்கிறார். ஈரம் கன்னத்தில் ஒட்டிக்கொண்டால் ஒரு தீர்ப்பு. உருண்டு விழுந்தால் வேறு தீர்ப்பு. பக்கத்தில் புல்லு வெட்டும் மிசின் நின்ற இடத்திலேயே இருமிக்கொண்டிருக்கிறது. எழும்பி, வேட்டியில் கையைத் துடைத்து, அதன் கைபிடியில் உள்ள சின்ன லீவரை நகத்தால் ஒரு நெல்லளவு தள்ளுகிறார். காதைச் சாய்க்கிறார். திரும்பவும் அரை நெல்லளவு பின்னுக்கு இழுக்கிறார்.

"இண்டைக்கு ரீச்சர்தான்," என்கிறார், மிசினுக்கு மட்டும் கேட்கும்படி.

மானிப்பாயிலிருந்து சண்டிலிப்பாய்க்குப் போகும் தெருவில், மலாயாப் பென்சன்காரர் நடத்தும் ரெனிஸ் கிளப்பில், மழைக்காலத்தில் கிழமைக்கு மூன்று காலை இந்தச் சடங்கு நடக்கும். ஏரம்பருக்கு ஐம்பது வயது. ஆள் கட்டை, கால்கள் அதைவிடக் கட்டை. மிசின் ஓடும்போது மட்டும் தலையில் ஒரு பழைய ஃபெல்ற் தொப்பி இருக்கும். எஞ்சின் நின்றதும் தொப்பி கழன்று வேலிக் கதியாலில் ஏறிவிடும். "வெறுந்தலையோடை நிண்டால் உந்த எஞ்சின் என்னை ஆளாய் மதியாது," என்பார்.

வேகம் என்று வந்துவிட்டால் அவருக்கு வாய் சும்மா இராது. பக்கத்து வீட்டில் அம்மி அரைபடும் சத்தம் கேட்டால், "கை கெதியாய்ப் போச்சு, மிளகாய் அரைபடேல்லை, கிழிபடுது," என்று வேலிக்கு மேலால் சொல்வார். யாழ்ப்பாணத்து பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் நின்று இடைவிடாமல் ஆலோசனை வழங்கியதற்காக இரண்டு முறை ஆனைக்கோட்டையில் இறக்கிவிடப்பட்டிருக்கிறார். இரண்டு முறையும் மிகுதித் தூரத்தை நடந்தே போனார். கோபமில்லை. "நான் சொன்னது அவனுக்கு விளங்கினது. அதுதான் இறக்கினவன்."

மிசின் வருவதற்கு முன் அவர் உழவாரத்தால் புல்லுச் செதுக்கியவர். அறுகம்புல்லு மைதானம் அது. ஒரு மூலையில் தொடங்கி நாலாம் நாள் நாலாம் மூலைக்கு வந்தால், முதல் மூலை வளர்ந்து நின்று அவரைப் பார்த்துச் சிரிக்கும். நாலு வருடத்துக்கு முன், கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன மிசின், ரயிலேறி, கொக்குவிலில் இறங்கி, மாட்டு வண்டிலில் கிளப்புக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஓர் இங்கிலீசுப் புத்தகம்.

கிளப்பின் செக்கிறட்டரி அடைக்கலநாதன் மலாயாவில் ரயில்வே ஸ்ரேசன் மாஸ்டராக இருந்தவர். இருபத்தெட்டு வருடம் எஞ்சின்களுக்குப் பச்சைக்கொடி காட்டியவர். ஒன்றிலாவது ஏறி ஓட்டியதில்லை. ஆனாலும் எஞ்சின் விஷயத்தில் ஊரில் அவருக்கு மிஞ்சி ஆள் கிடையாது. காக்கிக் களிசானும் வெள்ளைச் சப்பாத்தும் போட்டு, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டு, விறாந்தையில் கதிரை போட்டிருந்து அவர் அந்தப் புத்தகத்தைக் கொமிற்றிக்கு வாசித்துக் காட்டினார். எஞ்சினை வேலைக்குத் தகுந்த வேகத்தில் ஓட்டவேண்டும் என்று புத்தகம் சொன்னது. தகுந்த வேகம் எது என்பதற்குப் பதினோராம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னது. பதினோராம் பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது.

பதினோராம் பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஆராயக் கொமிற்றி மூன்று முறை கூடியது. முழுவேகம் என்றார் ஒருவர். மிசினின் சுகத்துக்கு அரைவேகம் என்றார் இன்னொருவர். தேத்தண்ணி ஆறுகிறது என்றார் மூன்றாமவர். அந்த ஒன்றில் மட்டும் ஒருமித்த தீர்மானம் வந்தது.

அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்த மாதம் முழுவதும் ஏரம்பர் மிசினோடு நடந்துகொண்டிருந்தார். அந்த மிசினில் வெட்டுகிற அலகைச் சுழற்றுவதும் எஞ்சின்தான்; முன்னுக்கு இழுத்துக்கொண்டு போவதும் அதே எஞ்சின்தான். லீவரை மெல்லத் தள்ளினால் மனிதன் மெல்ல நடக்கலாம். கூடத் தள்ளினால் ஓடவேண்டும். எஞ்சினின் வேகமும் பின்னால் போகிறவனின் நடையும் ஒன்றே என்பது இரண்டாம் கிழமை, வேலியோரத்து முள்ளில் கால் ஏறிய இடத்தில் அவருக்கு வெளித்தது.

"புத்தகத்திலை நம்பர் போட்டிருப்பாங்கள். நம்பரை வைச்சு நான் என்ன செய்ய? நடை எண்டால் எனக்கு விளங்கும்."

அதற்குப் பிறகு அவர் படலையடியில் இருந்து தெருவால் போகிறவர்களின் கால்களைப் பார்க்கத் தொடங்கினார். ஒருவர் போனால், அவர் நடைக்கு மிசினைக் கொண்டுவந்து, புல்லு எப்படி வெட்டுப்படுகிறது என்று பார்ப்பார். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், லீவர் நின்ற இடத்துக்கு நேரே ஆணியால் தகட்டில் ஒரு கீறு. இப்படி ஐந்து கீறு விழுந்தது.

முதற்கீறு மோர் விற்கும் சின்னாச்சி. இரண்டடி வைப்பாள், நிற்பாள், யார் வீட்டில் என்ன சமையல் என்று கேட்பாள், இரண்டடி வைப்பாள். அந்த வேகத்தில் அலகு புல்லை வெட்டாது, சப்பும். ஆடு மேய்ந்த தரைபோல ஆகிவிடும். மிசினைக் கொட்டிலுக்குள் விடவும் எடுக்கவும் மட்டும் சின்னாச்சி. அடுத்தது, கோயிலில் அன்னதானம் முடிந்து வரும்போது பொன்னம்பலத்தாருடைய நடை. கனத்த நடை, ஆனால் நிற்காத நடை. மார்கழிப் பனியில் புல்லு தண்ணீரைக் குடித்துத் தடித்துக் கிடக்கும்போது அவரை விட்டால் வேறு ஆளில்லை. தபால்காரர் அருளம்பலம் நாலாவது. ஓரங்களில் ஐதாய்க் காய்ந்து நிற்கும் புல்லுக்கு அவர் போதும். ஐந்தாவது, கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் தில்லைநாதன், கோட்டுக்குப் பிந்திய நாளில் கறுப்புக் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற வேகம். அதில் விட்டால் மிசின் துள்ளும். தரை ஓலைப்பாய் மாதிரி வரிவரியாய்ப் போகும்.

"உது புல்லு வெட்டிறதில்லை. புல்லைப் பயப்பிடுத்திறது," என்று அந்தக் கீறை ஒருநாளும் தொடமாட்டார்.

நடுக்கீறுதான் நல்லம்மா ரீச்சர். கிளப்புக்கு நேர் எதிரே உள்ள பெண்பிள்ளைப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. கறுப்புக் குடையை இடக்கையில் பிடித்து, வெயிலென்றாலும் மழையென்றாலும், மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஒரே நடை. ஒருமுறை தெருநாய் ஒன்று குரைத்துக்கொண்டு அவரைத் துரத்தியது. ரீச்சர் ஓடவுமில்லை, நிற்கவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. கொஞ்சத் தூரம் கூடவே போன நாய் வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டது. லீவரை ரீச்சரில் வைத்தால் அறுகு ஒரே மட்டத்தில் அறுபட்டு, முன்னால் உள்ள பெட்டிக்குள் பொரிபோலத் துள்ளி விழும். பின்னால் நடக்கிற ஏரம்பருக்கு மூச்சும் வாங்காது, நித்திரையும் வராது.

இந்தப் பெயர்களை அவர் யாருக்கும் சொன்னதில்லை. மனிதர் நடக்கிறார்கள், அதை அவர் பார்க்கிறார், அவ்வளவுதான். தவறொன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தார்.

போன வருடம் மார்கழி முடிகிற நாட்கள். தை பிறந்ததும் கிளப்பில் பெரிய போட்டி; அரசாங்கக் கச்சேரியிலிருந்து துரை ஒருவர் வந்து விளையாடப் போகிறார் என்று ஏற்பாடு. அடைக்கலநாதனுக்கு நிலை கொள்ளவில்லை. எஞ்சின் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று நாளாந்தம் குறிப்பெழுதவேண்டும் என்று அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. ஒரு காலை விறாந்தையில் நின்றபடி கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன வேகத்திலை ஓட்டுறீர், காணும்?"

எஞ்சின் சத்தத்தில் ஏரம்பருக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக் காட்டினார்.

"வேகம்! எஞ்சினை எதிலை வைச்சு ஓட்டுறீர்?"

ஏரம்பர் நெஞ்சு நிறைய மூச்செடுத்தார். "நல்லம்மா ரீச்சரிலை, ஐயா! அவவிலைதான் சுகமாய்ப் போகுது!" என்று கத்தினார்.

'நல்ல' என்று அவர் வாய் திறந்த கணத்தில் பெற்றோல் தீர்ந்து எஞ்சின் நின்றுவிட்டது. மிகுதி முழுவதும் மானிப்பாயின் காலை அமைதியில் தனித்துப் போனது. எதிரே பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் தேவாரம் முடிந்து பிள்ளைகள் கண்மூடிக் கைகூப்பி நின்ற நேரம். நூற்றெண்பது கண்கள் ஒன்றாகத் திறந்தன. நல்லம்மா ரீச்சர் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. இடது புருவம் மாத்திரம் மேலே போய் அங்கேயே நின்றது.

மத்தியானத்துக்குள் கதை சந்தைக்குப் போய்விட்டது. முருங்கைக்காய் வாங்கப் போயிருந்த ஏரம்பரின் மனைவி தங்கமுத்துவுக்கு அது மூன்று பேரிடமிருந்து மூன்று விதமாய்க் கிடைத்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டாள், முருங்கைக்காயை முறித்துப் பார்த்தாள், வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பின்னேரம் ஏரம்பர் சாப்பிட உட்கார்ந்தார். சோறு இருந்தது, குழம்பு இருந்தது, பேச்சு இல்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள் கடைசியில். "கிளப்பிலை நிண்டு என்னவோ கத்தினீங்களாம்."

"அது எஞ்சின்ரை வேகமப்பா!" ஏரம்பர் தவித்துப்போய், கறையான் தின்ற பக்கத்திலிருந்து ஆணிக்கீறு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். தங்கமுத்து பொறுமையாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து அவருக்கு உயிர் வந்தது.

"அப்ப சின்னாச்சிக்கு ஒரு கீறு."

"ஓம்."

"தபால்காரருக்கு ஒண்டு."

"ஓம். ஓரத்துப் புல்லுக்கு."

"வயிறு முட்டத் திண்டுபோட்டு உருண்டு வாற பொன்னம்பலத்தாருக்கும் ஒண்டு."

"அது பனிக்காலத்துக்கு மட்டும்."

"இருவத்தாறு வருசமாய் உங்களோடை நடந்து திரியிறன். என்ரை கீறு எது?"

ஏரம்பரின் கை சோற்றுக்குள் நின்றுபோனது. அவர் யோசித்தார். அவளுடைய முகம் தெரியும், தும்மல் தெரியும், கிணற்றடியில் வாளி வைக்கிற சத்தத்தை வைத்தே அவளுக்குக் கோபமா இல்லையா என்று சொல்லிவிடுவார். நடை? கோயிலுக்குப் போனாலும், கலியாண வீட்டுக்குப் போனாலும், கொடிகாமத்தில் அவள் தமையன் வீட்டுக்குப் போனாலும் அவர் முன்னால் போவார். அவள் நாலடி பின்னால் வருவாள்.

"நீ எப்பவும் எனக்குப் பின்னாலைதானேயப்பா வாறனி," என்றார். "எனக்கென்ன முதுகிலை கண்ணோ?"

முழு உண்மை அது. சொல்லி முடித்த பிறகுதான் அது காதுக்கு எப்படிப் படுகிறது என்று அவருக்கே தெரிந்தது. தங்கமுத்து ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

வீட்டில் அப்படியென்றால் வெளியில் அதைவிட மோசம். வீட்டில் சொன்ன விளக்கமும் வேலியால் வெளியே போய்விட்டது. தம் நடை ஒன்றுக்கும் உதவாத நடை என்று ஒதுக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்ட பிரக்கிராசியார் தில்லைநாதன் கிளப்புக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். 'மேற்படி கீறு' என்ற சொல் அதில் பதினேழு இடத்தில் வந்தது. கொமிற்றி கூடியது. ஊரவர்களின் பெயரால் எஞ்சினை ஓட்டக்கூடாது. கீறுகளை அழித்து இலக்கம் எழுதவேண்டும். இனிமேல் ஒரு பெயராவது காதில் விழுந்தால் மிசினை வேறு ஆளிடம் கொடுப்பது.

கடைசித் தீர்மானத்தை அடைக்கலநாதன் வாசித்தபோது ஏரம்பர் மிசினின் கைபிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். உழவாரத்தோடு குந்தியிருந்து நகர்ந்த வருடங்கள் முழங்காலுக்கு ஞாபகம் வந்தன.

"சரி, ஐயா. நம்பரிலையே ஓட்டுறன்," என்றார் மெதுவாக.

அடைக்கலநாதன் அன்றைக்கே அரம் கொண்டு ஐந்து கீறையும் அராவி, வெள்ளை மையால் ஒன்று முதல் ஐந்து வரை தம் கையாலேயே வடிவாய் எழுதினார். மிசினுக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்து, தம் இடக்கைப் பக்கத்திலிருந்து தொடங்கி எழுதினார். மிசினை ஓட்டுகிறவன் நிற்பது பின்னால். முன்னால் இருப்பவருக்கு இடம், பின்னால் நிற்பவனுக்கு வலம். ஏரம்பர் குனிந்து பார்த்தார். முன்பு சின்னாச்சி இருந்த இடத்தில் ஐந்து என்று இருந்தது. பிரக்கிராசியார் இருந்த இடத்தில் ஒன்று.

"ஐயா, உந்த ஒண்டு..."

"ஒண்டெண்டால் ஒண்டுதான். ஒரு கதையும் வேண்டாம்!"

"இல்லை ஐயா, ஒண்டிலை இருந்தவர்..."

"பேர் சொல்லுறீரோ?" என்று அடைக்கலநாதன் தீர்மானப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். ஏரம்பர் வாயை மூடிக்கொண்டார்.

போட்டி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. அன்று காலை பத்து மணிக்கு, புதிய இலக்கங்களைத் தாமே தொடக்கி வைப்பதாகவும், அதுவரைக்கும் மிசினை ஒருவரும் தொடக்கூடாது என்றும் அடைக்கலநாதன் அறிவித்தார். வெள்ளைத் தொப்பியும் விசிலுமாய் மிசினுக்குப் பின்னால் வந்து நின்றார். எஞ்சின் லீவர் ஐந்தில் நின்று பூனைபோல உறுமிக்கொண்டிருந்தது.

"பாரும், ஏரம்பு. அஞ்சிலையே எவ்வளவு அமைதியாய் நிக்குது. தரமான எஞ்சின். இனி ஆறுதலாய் ஒண்டுக்குக் கொண்டுவந்து மெல்லப் புறப்படுவம்."

"ஐயா, அது எதிர்ப்பக்கம்..."

அடைக்கலநாதன் விசிலை வாயில் வைத்து ஊதினார். லீவரை ஒன்றுக்குக் கொண்டுவந்து, மிசினை ஓடவிடும் மற்றப் பிடியை அழுத்தினார்.

மிசின் முதலில் ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு போனது. மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் குறுக்கே, அறுகை ஒரு நீள வாய்க்காலாய்ப் பிளந்துகொண்டு போனது. அடைக்கலநாதனின் வெள்ளைச் சப்பாத்துகள் இரண்டடிக்கு ஒருமுறைதான் நிலத்தைத் தொட்டன. வாயில் விசில் அப்படியே இருந்தபடியால் மூச்சு விடுந்தோறும் அது ஊதியது.

"பிடியை விடுங்கோ, ஐயா! கையை விடுங்கோ!" ஏரம்பர் கட்டைக் கால்களால் பின்னால் ஓடினார்.

"விடேலாது!" விசிலைக் கடித்துக்கொண்டு பதில் வந்தது. "எஞ்சினைத் தனிய விடப்படாது! ரூல்!"

"அப்ப லீவரைக் குறையுங்கோ!"

"ஒண்டிலைதானே நிக்குது!" என்று அலறி, இன்னும் குறைப்பதற்காக அடைக்கலநாதன் லீவரை ஒன்றுக்கும் அப்பால் இறுக்கித் தள்ளினார்.

குரோட்டன் சாடிகள் இரண்டு போயின. கிடுகு வேலியில் மிசின் அளவுக்கு ஒரு வாசலும், அதற்கு மேலே தொப்பி அளவுக்கு ஒரு யன்னலும் உண்டாயின. தெருவில் மோர்ப்பானையோடு நின்று கதைத்துக்கொண்டிருந்த சின்னாச்சி ஓடினாள். அவள் ஓடியதை ஊர் அன்றுதான் கண்டது. கோட்டுக்குப் பிந்தி ஓடிக்கொண்டிருந்த பிரக்கிராசியார் தில்லைநாதனைப் பக்கத்தால் முந்திக்கொண்டு மிசின் போனபோது அவரும் அடைக்கலநாதனும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். மரியாதை மரியாதைதானே.

மிசின் வளைந்து பள்ளிக்கூடத்தை நோக்கித் திரும்பியது. யன்னல்களில் பிள்ளைகள் வீரிட்டார்கள். நல்லம்மா ரீச்சர் விறாந்தையிலிருந்து இறங்கினார். குடை இடக்கையில். அவசரமில்லை, சுணக்கமில்லை, அதே நடையில் படலைக்கு வந்து, படலையை அகலத் திறந்து, ஒரு பக்கமாய் ஒதுங்கி நின்றார். மிசின் உள்ளே போய், கிணற்றுக் கட்டுக்காகப் பறித்திருந்த மணற் குவியலில் மூக்கை நுழைத்து, நாலு தரம் தும்மிவிட்டு நின்றது. அடைக்கலநாதன் நிற்கவில்லை, குவியலுக்கு மேலால் போய் மற்றப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த ஏரம்பரை ரீச்சர் பார்த்தார். இரண்டு கிழமையாய் அவர் கண்ணில் படாமல் ஏரம்பர் மறு ஒழுங்கையால் போய் வந்துகொண்டிருந்தார். இனி ஒளிய இடமில்லை.

"உதிலை என்ரை கீறு எது?" என்று கேட்டார் ரீச்சர்.

"இல்லை, ரீச்சர். அராவிப் போட்டினம்."

"ஆர்?"

ஏரம்பர் பெயர் சொல்லவில்லை. மணலைப் பார்த்தார். ரீச்சரும் பார்த்தார்.

"முப்பது வருசமாய் உந்தத் தெருவிலை வாற போற பிள்ளையளுக்கெல்லாம், ஓடாதை, ஆடாதை, நேராய் நட எண்டு சொல்லிக்கொண்டு வாறன்," என்றார் ரீச்சர் அடைக்கலநாதனிடம். "ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டது உந்தப் புல்லு வெட்டிற மிசின் ஒண்டுதான். அதையும் அரத்தாலை அராவிப் போட்டியளோ?"

அடைக்கலநாதன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். விசில் ஒரு சின்னச் சத்தம் போட்டது.

மணி பதினொன்று. மைதானத்தில் குறுக்கே ஒரு கோடு தவிர மற்றதெல்லாம் கணுக்கால் உயரத்துக்குப் புல்லு. ஏரம்பர் மிசினைத் தள்ளிக்கொண்டு வந்து, மணல் தட்டி, எண்ணெய் விட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு தொடக்கினார். லீவர் வளைந்திருந்தது. எஞ்சினின் குரலும் மாறிப்போயிருந்தது, தடிமன் பிடித்தவன் கதைப்பதுபோல. இங்கே தள்ளினார், சப்பியது. அங்கே தள்ளினார், துள்ளியது. ஓடி வந்த ஓட்டத்தில் சொந்தக் காதுக்குள்ளேயே இரைச்சல். மூன்று வருடமாய்க் கைக்குள் இருந்த வேகம் எங்கே போனது என்று தெரியவில்லை. விறாந்தையில் கொமிற்றி முழுவதும் எழும்பி நின்று அவரையே பார்த்தது.

"நான் முன்னாலை நடந்தால் காணுமோ?"

படலையடியில் ரீச்சர் நின்றார். பதிலுக்கு நிற்காமல் உள்ளே வந்து, கோட்டின் தலைப்பில் நின்று, குடையை விரித்து, மறு தலைப்பைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். ஏரம்பர் பின்னால் மிசினை விட்டார். ரீச்சரின் சேலைக் கரைக்கும் மிசினுக்கும் இடைவெளி கூடியது. ஒரு நெல்லளவு தள்ளினார். குறைந்தது, அரை நெல்லளவு இழுத்தார். பிறகு கூடவுமில்லை, குறையவுமில்லை. பெட்டிக்குள் புல்லு பொரிபோலத் துள்ளி விழுந்தது.

இரண்டு தரம் போய் வந்ததும், "இனிக் காணும், ரீச்சர், பிடிபட்டிட்டுது," என்றார் ஏரம்பர்.

"தொடங்கின வேலை," என்றார் ரீச்சர், திரும்பிப் பார்க்காமல்.

வேலி நெடுகப் பிள்ளைகளின் தலைகள். அந்த நேரம் பார்த்து, சோற்றுப் பெட்டியோடு தங்கமுத்து வந்தாள். நல்லம்மா ரீச்சர் குடையோடு முன்னால் போவதையும், தன் புருஷன் தொப்பியோடு பின்னால் போவதையும், இருவரும் ஒன்றாகத் திரும்பி வருவதையும் கண்டாள். பூவரசுக்குக் கீழே போய் இருந்து, பெட்டியை மடியில் வைத்து, கடைசி வரி வெட்டி முடியும் வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் அந்தப் பக்கத்தால் போகும்போது ஏரம்பர் அவளுக்கு ஏதோ சொல்ல முயன்றார், எஞ்சின் விடவில்லை. கத்துவதற்குத் துணிவும் வரவில்லை.

வேலை முடிந்தது. ரீச்சர் குடையை மடக்கிக்கொண்டு பூவரசடியால் போனார்.

"உங்கடை மனுசன் நேராய்த்தான் நடக்கிறார்," என்றார் தங்கமுத்துவிடம்.

"ஓம், ரீச்சர்," என்றாள் தங்கமுத்து. "அவருக்குப் பின்னாலை நடக்கவும் தெரியுமெண்டு இண்டைக்குத்தான் கண்டன்."

துரை வந்தார், விளையாடினார், தேத்தண்ணி குடித்தார். புல்லு பட்டுப்போல இருக்கிறது என்று சொன்னாராம். மூக்கில் பிளாஸ்திரியோடு அடைக்கலநாதன் அதை எல்லோருக்கும் தமிழில் எடுத்துச் சொன்னார். கொமிற்றி விறாந்தையிலேயே நின்றபடி கூடி, ஏரம்பர் இனி எவருடைய நடையில் வேண்டுமானாலும் புல்லு வெட்டலாம், சத்தம் போட்டுச் சொல்லாமல் இருந்தால் போதும் என்று தீர்மானித்தது.

பொழுது சாயும் நேரம் ஏரம்பரும் தங்கமுத்துவும் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். அவர் முன்னால், அவள் நாலடி பின்னால். பெருந்தெருவை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கியதும் ஏரம்பர் நின்றார். பின்னால் அவளும் நின்றாள். அவர் கிளுவை வேலியோரமாய் ஒதுங்கினார்.

"நீ முன்னாலை போ."

"ஏன்?"

"போவன். ஒருக்காப் பாப்பம்."

தங்கமுத்து ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். முதல் நாலு அடியும் எங்கே கால் வைப்பது என்று தெரியாத நடையாய் இருந்தது. ஐந்தாம் அடியில் கை வீசத் தொடங்கியது. ஏரம்பர் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை ஒடுக்கிப் பார்த்தார். பொன்னம்பலத்தார் இல்லை. ரீச்சரும் இல்லை. இது தபால்காரர் என்று அவர் முடிவுகட்டுவதற்குள் அவள் தபால்காரரையும் தாண்டிவிட்டாள். செம்மண் புழுதி குதிக்காலில் தெறிக்க, பூவரசு மரம் வந்தது, போனது. வைரவர் கோயில் வந்தது, போனது.

"இஞ்சேரப்பா! நில்லன்!"

கேட்டதோ கேட்கவில்லையோ, மூக்குத்தி மட்டும் ஒரு கணம் திரும்பி மின்னிவிட்டு, ஒழுங்கை முடக்கில் மறைந்தது. ஏரம்பர் வெறும் சோற்றுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கினார், வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்து இறுக்கிக் கட்டினார், ஓடத் தொடங்கினார்.